கேள்வி கேட்கும் ஆங்கிலம்: மயிலாடுதுறைப் பெற்றோரும் பேச்சுக் குழுவும்

ஜூன் பிறந்தால் மயிலாடுதுறை மாவட்டத்து விவசாயக் குடும்பத்துக்கு இரண்டு செலவுகள் ஒன்றாக வந்து நிற்கும். மேட்டூர் அணையை 12ஆம் தேதி திறந்துவிடுவார்கள் என்ற கணக்கில் குறுவைக்கு உழவு, விதை, உரம் என்று கைக்காசு வயலுக்குப் போய்விடும். அதே நாட்களில் பள்ளிக்கூடமும் திறக்கும். கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை, வேன் வாடகை என்று வரிசையாக வரும். சம்பா அறுத்து, நெல் போட்ட பணம் கைக்கு வரத் தை, மாசி ஆகிவிடும். "மீதியைப் பொங்கலுக்கு அப்புறம் கட்டலாமா?" என்ற கேள்வி இந்த மண்ணின் நாட்காட்டியிலிருந்தே பிறப்பது. மளிகைக் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இதைத் தயங்காமல் கேட்பவருக்கு ஆங்கில வழிப் பள்ளியின் அலுவலக வாசலில் நாக்கு எழுவதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரும் தமிழர்தான். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வார். ஆனாலும் சுற்றறிக்கை ஆங்கிலத்தில், ரசீது ஆங்கிலத்தில், வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பு ஆங்கிலத்தில் என்றிருக்கும் இடத்தில் தமிழில் வாய் திறப்பதே தன்னைக் குறைத்துக் காட்டிவிடும் என்ற கூச்சம் முந்திக்கொள்கிறது.

பெற்றோருக்கான ஆங்கிலப் பேச்சுக் குழு என்ற ஏற்பாடு இந்தக் கூச்சத்தை உடைக்கத்தான் உலகின் பல ஊர்களில் உருவானது. பள்ளியிலோ நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ வாரம் ஒருமுறை கூடி, தேர்வும் சான்றிதழும் இல்லாமல், அன்றாட ஆங்கிலத்தைப் பேசிப் பழகுவார்கள். குடியேறியவர்கள் நிறைந்த நாடுகளில் வளர்ந்த இந்த வடிவம் காவிரிக் கடைமடைக்குப் பொருந்துமா? பொருந்துமென்றால் அதில் எதைப் பழக வேண்டும்? சரளமாகப் பேசுவதை இலக்காக வைத்தால் இங்கே அது சீக்கிரம் கலைந்துவிடும்; கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதை இலக்காக வைத்தால் நிலைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம். டெல்டாவின் மொழி வரலாறும் இரண்டாம் மொழி பற்றிய ஆய்வுகளும் இந்த முடிவுக்கே இட்டுச்செல்கின்றன.

தரங்கம்பாடி முதல் மாயூரம் வரை

வேற்றுமொழியைப் பேசிப் பழகுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620இல் கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. வயதான வாத்தியார் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பேச்சு வரவில்லை. அதற்கு அழகப்பன் என்ற துபாஷியை அமர்த்திக்கொண்டார். டேனியக் கம்பெனிக்கு மொழிபெயர்த்துப் பழகிய அழகப்பனுக்குப் போர்த்துகீசியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் சில தெரியும். அவரோடு நாள்தோறும் பேசிப் பேசித்தான் சீகன்பால்குவுக்குத் தமிழ் வசப்பட்டது. 1715இல் அச்சாகி முடிந்த புதிய ஏற்பாட்டுக்கும், 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியான தமிழ் இலக்கண நூலுக்கும் அந்தப் பேச்சே அடித்தளம்.

பணமும் செல்வாக்கும் உள்ளவர் மொழி கற்கும் விதம் இது. பேச்சுத் துணையைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தப்பாகப் பேசினாலும் எதிரில் இருப்பவர் சிரிக்கப்போவதில்லை. பொறுத்திருந்து, திருத்தி, மறுபடி சொல்லிக்கொடுப்பார். கற்பவரின் திறமையோடு கேட்பவரின் பொறுமையும் சேர்ந்தால்தான் மொழி வருகிறது. எளிய மனிதர் செல்வாக்குள்ள மொழியைக் கற்க நேரும்போது இந்த இரண்டாவது பாதி கிடைப்பதில்லை.

எதிர்த்திசையில் ஆங்கிலம் வந்த கதையும் இதே பகுதியில்தான் தொடங்குகிறது. தஞ்சாவூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சலிவனின் யோசனைப்படி, தரங்கம்பாடி மிஷனுக்கு 1750இல் வந்து பின்னர் தஞ்சையில் தங்கிவிட்ட சுவார்ட்சு பாதிரியாரின் மேற்பார்வையில், 1785ஐ ஒட்டித் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் ஏற்பட்டன. 1787இல் கம்பெனியின் இயக்குநர்கள் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் மானியம் ஒதுக்கினார்கள். மெக்காலே தமது புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதியது 1835இல். அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, ஆள்வோரும் உள்ளூராரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டும் என்ற காரணத்தோடு ஆங்கிலம் தஞ்சைச் சீமையில் வகுப்பறை ஏறிவிட்டது. பயன் பெற்றவர்கள் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள். வரப்பில் நின்றவர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை இதன் விளைவை நீதிமன்றத்தில் தினமும் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் இருந்த சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி 1862இல் வெளியிட்டவர் அவர். 1879இல் அச்சேறிய அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலில், வழக்காடுபவரும் வக்கீலும் நீதிபதியும் தமிழர்களாக இருக்கும்போது வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும் கேலிக்கூத்தை நேரடியாகவே சாடுகிறார். தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்பது கட்சிக்காரனுக்கே தெரியாமல் போகும் அநியாயம்தான் அவருடைய கவலை. வாசலில் பேசும் மொழியை மக்கள் கற்றுக்கொள்வது ஒரு வழி. வாசலை மக்கள் மொழியில் பேசவைப்பது இன்னொரு வழி. வேதநாயகம் பிள்ளை இரண்டாவதற்காக வாதாடினார். இன்றைய பெற்றோர் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே நிற்கிறார்கள்.

எந்த வாசலில் எவ்வளவு ஆங்கிலம்

2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. அதற்கு முன்பே சிறு நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் மெட்ரிக் பள்ளிகள் வேர்விட்டிருந்தன. தமிழ் வழியில் படித்த, அல்லது நடுவில் படிப்பை நிறுத்திய ஒரு தலைமுறை தன் பிள்ளைகளை ஆங்கில வழியில் சேர்த்தது. வீட்டுப்பாட நோட்டைப் பிரித்தால் அம்மாவுக்குப் புரியாது. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். நீடூர், வடகரைப் பக்கத்தில் அது சகஜம். பள்ளிக்கூடத்தோடு பேச வேண்டிய பொறுப்பு முழுவதும் அம்மாவின் தலையில்.

அந்தப் பேச்சின் அளவு எவ்வளவு என்று எடை போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று வராது. வேன் ஏன் வரவில்லை. மதிப்பெண் எதில் குறைந்தது. கட்டணத்தில் இந்த வரி எதற்கு. மீதியை எப்போது கட்டலாம். ஒவ்வொன்றும் ஐந்தாறு வாக்கியங்களில் முடிந்துவிடும். மருத்துவமனையும் அப்படியே. மயிலாடுதுறையிலிருந்து பெரிய வைத்தியத்துக்குப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறவர்கள் பலர். அங்கே இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து வந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். எத்தனை நாளாக வலி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதைத் தாண்டிப் பெரும்பாலும் பேச்சு போகாது. வங்கியில் கல்விக் கடன், கல்லூரியில் விடுதி, வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தத் தாள் என்று வாசல்கள் கூடினாலும், தேவை ஒவ்வொன்றிலும் ஒரு கை வாக்கியங்கள்தான். இலக்கியம் பேசும் ஆங்கிலம் யாரும் கேட்கவில்லை.

இந்த இடைவெளியை இப்போது நிரப்புவது பிள்ளைகள். பள்ளியிலிருந்து வந்த தகவலை மகன் வாசித்துச் சொல்வான். மகள் மருந்துச் சீட்டைப் படிப்பாள். அமெரிக்காவில் குடியேறிய குடும்பங்களில் பிள்ளைகள் மொழிபெயர்ப்பாளர்களாக இருப்பதைப் பற்றி குவாடலூப்பே வால்டெஸ், மார்ஜரி ஒரெல்லானா போன்றோர் நீண்ட ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். அந்த வேலை பிள்ளைகளின் மொழித்திறனை வளர்ப்பதும் உண்டு. விஷயம் கனமாகும்போது வயதுக்கு மீறிய சுமையாவதும் உண்டு. நம் ஊரில் இதற்கு இன்னொரு கோணம் இருக்கிறது. தன்மேல் ஆசிரியர் எழுதியனுப்பிய புகாரைத் தானே மொழிபெயர்த்து அம்மாவுக்குச் சொல்லும் பையன் எந்த வரியை விட்டுவிடுவான் என்று சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளின் ஆங்கிலத்தையே முழுதாக நம்பவும் முடியாது. ஏசர் அமைப்பு 2023இல் 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புற இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில் 57.3 விழுக்காட்டினரால் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தது. அப்படி வாசித்தவர்களிலும் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினரே அவற்றின் பொருளைச் சொன்னார்கள். இது நாட்டின் பல மாநிலங்களிலிருந்து தேர்ந்தெடுத்த மாவட்டங்களின் கணக்கு; மயிலாடுதுறையைத் தனியாகக் குறிப்பதல்ல. வாசிப்பது ஒன்று, விளங்கிக்கொள்வது வேறொன்று என்பதை மட்டும் இது தெளிவாகக் காட்டுகிறது.

கடலூர் வகுப்பறையும் கனடாத் தாய்மார்களும்

ஆங்கிலத்தை எப்படிக் கற்றுத்தருவது என்ற விவாதத்தில் தமிழ்நாடு வெறும் பார்வையாளராக இருந்ததில்லை. 1960ஐ ஒட்டி மதராஸ் மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெருந்திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. பனிப்பந்து உருளஉருளப் பெரிதாவதுபோல, பயிற்சி பெற்றவர்கள் அடுத்தவர்களுக்குப் பயிற்சி தருவது அதன் உத்தி. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக அடுக்கி, வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்குவது அதன் முறை. பேனாவைக் காட்டி 'திஸ் இஸ் எ பென்' என்று ஊரே ஒரே குரலில் சொன்ன காலம் அது. பேனா கையில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்ல வேண்டிய அவசியம்தான் யாருக்கும் இல்லை.

அந்தக் குறையை நேராகத் தொட்டவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை, பெங்களூரின் வட்டார ஆங்கில நிறுவனமும் பிரிட்டிஷ் கவுன்சிலும் துணைநிற்க, பெங்களூர், சென்னை, கடலூர் உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவர் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணப் பாடமே இல்லை. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டி பிடித்தால் நேரத்துக்குப் போகலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது என்று விடை தேட வேண்டிய பணிகள்தான் பாடம். மனம் விஷயத்தில் ஊன்றியிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவருடைய கருத்து. 1985இல் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் இதை மதிப்பிட்டு, எச்சரிக்கையோடுதான் என்றாலும், பிரபுவின் பக்கம் சாய்ந்த முடிவுகளைத் தந்தார்கள். உலகெங்கும் இன்று பேசப்படும் பணிவழிக் கற்பித்தலின் முன்னோடி முயற்சிகளில் ஒன்று, கொள்ளிடத்துக்கு வடக்கே கடலூர்ப் பிள்ளைகளிடம் பரிசோதிக்கப்பட்டது.

பேச்சுக் குழு வைக்க விரும்புகிறவர்கள் பிரபுவிடம் ஒரு முரண்பாட்டையும் சந்திக்க வேண்டும். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பேசவிடுவதை அவர் விரும்பவில்லை. ஒருவர் பிழையை இன்னொருவர் பற்றிக்கொள்வார் என்றும், சக மாணவன் முன்னால் தடுமாறுவது ஆசிரியர் முன்னால் தடுமாறுவதைவிட அவமானமாகப் படும் என்றும் கருதினார். அதே 1985இல் மைக்கேல் லாங், பாட்ரிசியா போர்ட்டர் இருவரும் ஆய்வுகளைத் தொகுத்து வேறு முடிவைச் சொன்னார்கள்: கற்பவர்கள் தமக்குள் பேசும்போது, தாய்மொழியாளரோடு பேசும்போது செய்வதைவிட அதிகமாகப் பிழை செய்வதில்லை, பேசும் அளவுதான் கூடுகிறது. மெரில் ஸ்வெய்ன் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து, ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பது மட்டும் போதாது, வாய் திறந்து பேசும் கட்டாயமும் வேண்டும் என்று அதே ஆண்டில் எழுதினார். பிழை தொற்றும் என்ற பிரபுவின் அச்சம் வலுவிழந்துவிட்டது. அவமானம் பற்றிய அச்சம் இன்னும் அப்படியே இருக்கிறது. மருமகள் முன்னால் தடுமாற எந்த மாமியாரும் விரும்பமாட்டார். ஊர்த் தெருவில் யார் யாரோடு சமமாக உட்கார்ந்து பேச முடிகிறது என்பதும் சாதாரணக் கேள்வி இல்லை.

பெற்றோர் பற்றிய மிக நெருக்கமான ஆய்வு கனடாவிலிருந்து வருகிறது. 1990ஐ ஒட்டி பானி நார்ட்டன் என்ற ஆய்வாளர், குடியேறிய ஐந்து பெண்களை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். அவர்கள் கூடி, எழுதியதை வாசித்துப் பேசினார்கள். அதுவே ஒரு பேச்சுக் குழுவாகியது. அவர்களில் மார்ட்டினா என்று ஆய்வில் பெயரிடப்பட்ட தாய் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர். தொலைபேசியை எடுக்கவே பயந்தவர். வீடு மாறும்போது, ஆண்டு முழுவதற்கும் வாடகை கட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் மிரட்டியதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரோடு தொலைபேசியில் வாதாடினார். காலம், வினைமுற்று எதையும் அப்போது யோசிக்கவில்லை. விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் மனதில். பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். பணிவாகக் குடியேறியவராக நின்றபோது வராத ஆங்கிலம், குடும்பத்தைக் காக்கும் தாயாக நின்றபோது வந்தது. கூச்சமும் துணிச்சலும் ஒருவரின் பிறவிக் குணமல்ல; எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்பதைப் பொறுத்தவை என்று நார்ட்டன் 1995இல் வாதிட்டார்.

கனடா அரசும் அனுபவத்தில் சிலவற்றைக் கற்றுக்கொண்டது. பழைய மொழிப் பயிற்சித் திட்டங்கள் வேலைக்குப் போகிறவரைக் குறிவைத்ததால் வீட்டிலிருந்த பெண்கள் விடுபட்டார்கள். 1992இல் தொடங்கிய லிங்க் என்ற திட்டத்தில் வகுப்பு இலவசம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் சேர்ந்தது. ஈழத்திலிருந்து போன தமிழர்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வகுப்புக்குத் தாய்மார்கள் வரமாட்டார்கள் என்பது கொள்கை வகுப்பவர்களுக்குத் தாமதமாகத்தான் விளங்குகிறது.

இங்கே நடத்தினால்

கூடுவதற்கான பழக்கம் தமிழ்நாட்டுப் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் உண்டு. குறித்த நாள், வருகைப் பதிவு, தீர்மான நோட்டு, முறைவைத்து வங்கிக்குப் போவது எல்லாம் அவர்களுக்குப் பழகிய நடைமுறை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. படித்ததை அன்றே பயன்படுத்த ஒரு காரணம் கிடைத்ததால் பெண்கள் திரண்டார்கள். ஆங்கிலக் குழுவுக்கும் அப்படியொரு காரணம் வேண்டும்; அடுத்த வாரம் கேட்டாக வேண்டிய ஒரு கேள்விதான் அந்தக் காரணம்.

நேரம் வயலைப் பார்த்து அமைய வேண்டும். குறுவை நடவிலும், குறுவை அறுத்துத் தாளடி நடும் ஐப்பசியிலும் கூட்டம் வைத்தால் ஆள் வராது. மழைக்காலத்தில் வேலை ஓய்ந்த நாட்களும், பொங்கலுக்குப் பின் அறுவடை முடிந்த மாதங்களும் தோதானவை.

ஒரு பயிற்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இரண்டு தாள்கள். ஒன்றில் பள்ளிக் கட்டண விவரம் முழுதாக இருக்கிறது. மற்றதில் தொகையும் கடைசித் தேதியும் இல்லை. "அக்கா, நீங்க கிளார்க்கா இருங்க, நான் அம்மாவா வர்றேன்" என்று ஒருத்தி தொடங்குகிறாள். "ஹவ் மச் இஸ் தி டெர்ம் ஃபீஸ், மேடம்?" தாளைப் பார்த்து அக்கா தொகையைச் சொல்கிறார். "கேன் ஐ பே தி பேலன்ஸ் ஆஃப்டர் பொங்கல்?" அக்கா விடுவதில்லை: "நோ. லாஸ்ட் டேட் டிசம்பர்." இங்கேதான் பயிற்சி உயிர்பெறுகிறது. முதல் கேள்வி தோற்றதும் இரண்டாவது கேள்வி வேண்டும். "ஹாஃப் நவ், ஹாஃப் இன் ஜனவரி?" இலக்கணம் முழுமையில்லை, காரியம் நகர்கிறது. விஷயம் முடியும்வரை யாரும் திருத்தக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. பிறகு தாளை மாற்றிக்கொண்டு அக்கா அம்மாவாகிறார். மறுத்துப் பேசும் இடத்தில் ஒருமுறை இருந்து பார்த்தவருக்கு மறுப்பைக் கண்டு பயம் குறைகிறது.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் மூன்று சங்கதிகள் தனியாகக் கவனிக்கத் தக்கவை. முதலாவது, சொல்வளம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. டோக்கன், ஸ்கேன், டெஸ்ட், ரிப்போர்ட், லீவ், பேலன்ஸ், டிஸ்சார்ஜ் என்று நூற்றுக்கணக்கான சொற்கள் ஏற்கெனவே நாவில் புரள்கின்றன. 'பே பண்ணணும்', 'செக் பண்ணுங்க' என்று ஆங்கில வினையோடு தமிழ்த் துணைவினையைச் சேர்க்கும் இந்தக் கலப்பை இ. அண்ணாமலை போன்ற மொழியியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பெயரும் வினையும் இருக்கின்றன. அவற்றைக் கோக்கும் வாக்கியச் சட்டம் இல்லை. தொடக்கத்துக்கு ஐந்தாறு சட்டங்கள் போதும்.

இரண்டாவது, கேள்வியின் அமைப்பு. தமிழில் எந்த வாக்கியத்தின் ஈற்றிலும் ஓர் ஆகாரத்தைச் சேர்த்தால் கேள்வியாகிவிடும்: வந்தான், வந்தானா. ஆங்கிலத்திலோ துணைவினையை முன்னால் கொண்டுவந்து வாக்கியத்தையே புரட்ட வேண்டும். பள்ளிப் பாடம் கேள்விகளுக்குப் பதில் எழுதத்தான் பழக்குகிறது. கேள்வி கேட்பது எப்போதும் ஆசிரியரின் வேலை. அதனால்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவருக்கும் கேள்வி வாயில் வருவதில்லை.

மூன்றாவது, மரியாதை. 'கொடுங்க' என்று ஏவல் வினையில் சொன்னாலே தமிழில் பணிவு வந்துவிடுகிறது. வேலையை '-ங்க' பார்த்துக்கொள்கிறது. அதை அப்படியே 'கிவ் மீ' ஆக்கினால் அதட்டலாக விழும். பேசியவருக்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்றே விளங்காது. கேட்டவர் முகம் சுளிப்பார். 'குட் யூ ப்ளீஸ்' என்று தொடங்கப் பழகுவது இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும். இதன் மறுபக்கமும் உண்டு. தமிழ்ப் பேச்சில் சொல்லுக்குச் சொல் 'சார்' சேர்த்துக் கூனிக் குறுகும் பழக்கத்தை ஆங்கிலத்துக்குள்ளும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பழக வேண்டியவை, புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் வாக்கியங்கள். 'ஸ்லோலி ப்ளீஸ்', 'ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்', 'குட் யூ ரைட் இட் டவுன்?' இந்த மூன்றும் இருந்தால் எதிரில் இருப்பவரின் வேகத்தைக் குறைத்து, அவரையும் பேச்சின் பொறுப்பில் பங்கேற்க வைக்கலாம். அழகப்பன் சம்பளத்துக்குத் தந்த பொறுமையை இந்த வாக்கியங்கள் கேட்டு வாங்கித்தரும்.

எதைச் செய்யக் கூடாது

குழுவில் பழகிய ஆங்கிலத்தை வீட்டில் பிள்ளையிடம் பேச வேண்டும் என்ற அறிவுரை பெற்றோருக்குப் பல திசைகளிலிருந்தும் வருகிறது. அது தவறான அறிவுரை. தாய்மொழியில் ஆழமாக வளர்ந்த சிந்தனைத் திறன் இரண்டாம் மொழிக்குக் கைமாறும் என்று ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்துக்குப் பின்னர் வந்த ஆய்வுகள் பரவலாக வலுச்சேர்த்திருக்கின்றன. கனடாவின் செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் பெற்றோர் போராடித் தொடங்கிய பிரெஞ்சு வழி வகுப்பு வென்றதற்குக் காரணங்களில் ஒன்று, அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழியான ஆங்கிலம் யாராலும் அசைக்க முடியாத இடத்தில் இருந்தது. கதை சொல்லவும் காரணம் கேட்கவும் கண்டிக்கவும் கொஞ்சவும் அம்மாவிடம் செழிப்பான தமிழ் இருக்கும்போது, அதைக் கைவிட்டு நாற்பது வாக்கிய ஆங்கிலத்தில் பிள்ளையை வளர்ப்பது உள்ளதையும் இழப்பதுதான். குழுவின் ஆங்கிலம் அலுவலக வாசலுக்கு உரியது. வீட்டு முற்றத்துக்கு அல்ல.

இன்னொரு ஆபத்து, குழு நன்றாக நடந்தால் நிறுவனங்கள் தம் பொறுப்பைக் கைகழுவிவிடுவது. "பெற்றோர்தான் கற்றுக்கொள்கிறார்களே" என்று சுற்றறிக்கை ஆங்கிலத்திலேயே தொடரலாம். 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் அரசு அலுவலகங்களுக்கானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. அரசு நிதி பெறாத தனியார் பள்ளிகளை அந்தப் பிரிவு தொடுவதில்லை. கட்டணமும் ஆங்கிலமும் அதிகமாக உள்ள இடத்தில்தான் பெற்றோருக்குச் சட்டம் போட்டுத் தந்த நாற்காலி இல்லை. அந்த இடத்தில் கூட்டாகக் கேட்பது ஒன்றே வழி. தனியாகப் போய் நிற்கும் ஒரு தாய் கட்டணத்தைப் பற்றிக் கேட்கலாம். சேர்ந்து போகும் தாய்மார்களால் சுற்றறிக்கையைத் தமிழிலும் அனுப்பச் சொல்லிக் கேட்க முடியும். ஆங்கிலம் பழகக் கூடிய குழுவே தமிழுக்காகக் கேட்பதில் எந்த முரணும் இல்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த முன்சீப் ஒருவர்தான் இதே ஊரில் நீதிமன்றத் தமிழுக்காக எழுதினார்.

ஆகவே, இப்படியொரு குழுவின் வெற்றியைச் சரளத்தால் அளக்கக் கூடாது. மேடையேறி ஐந்து நிமிடம் பேசிக் கைத்தட்டல் வாங்குவது ஆண்டு விழாவுக்கு நல்லது. ஜிப்மர் வாசலில் உதவாது. சுய உதவிக் குழுவின் தீர்மான நோட்டைப்போலவே இங்கும் ஒரு நோட்டு இருக்கட்டும். இந்த ஆண்டு எந்தெந்தக் கேள்விகளை எங்கே கேட்டோம், எதற்குப் பதில் வந்தது, எதற்கு வரவில்லை, எத்தனை அறிவிப்புகள் தமிழிலும் வரத் தொடங்கின என்று அதில் எழுதலாம். முதல் இரண்டு கணக்குகள் பெற்றோர் எவ்வளவு கற்றார்கள் என்பதைச் சொல்லும். கடைசிக் கணக்கு பள்ளியும் மருத்துவமனையும் வங்கியும் எவ்வளவு கற்றன என்பதைச் சொல்லும். அந்தக் கணக்கு ஏறாமல் முதல் இரண்டு மட்டும் ஏறிக்கொண்டே போனால், உழைப்பு முழுவதையும் ஒரு பக்கத்தின்மேலேயே சுமத்தியிருக்கிறோம் என்று பொருள்.